ஐந்தரை அடியில் ஒரு கண்ணாடி

எங்கள் தோட்டத்தில் என்னை நெட்டை மரியநாயகம் என்பார்கள். எங்கள் லயத்து வரிசை வீட்டின் வாசல் நிலை என் நெற்றியில் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. மீசை முளைத்த நாளிலிருந்து அந்த நிலையில் குனிந்து நுழைந்து குனிந்து வெளியே வந்தவன் நான். குனிவது எனக்குக் கைவந்த காரியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்குக் கண்ணாடியைக் குற்றம் சொல்ல முடியாது, பைப்பையும் குற்றம் சொல்ல முடியாது. துரையைக் கொஞ்சம் சொல்லலாம். மிச்சமெல்லாம் என்னுடையதுதான்.

லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அரசாங்கம் தோட்டங்களை எடுத்து ஐந்து வருசமாகியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பங்களாவும், பங்களாவின் வெந்நீர் அடுப்பும், துரை என்ற பேரும் அப்படியே இருந்தன. நான் தோட்டத்துப் பைப் பாஸ். தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குத் தண்ணீர் கொண்டுபோவதும், பங்களாக் குழாய்களும், லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிகளும் என் பொறுப்பு. லயத்துப் பீலி உடைந்தால் ஒரு மாதத்துக்குள் போய்ப் பார்ப்பேன். பங்களாக் குழாய் சொட்டினால் அன்றைக்கே ஓடுவேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

என் பெண்டாட்டி சுகிர்தம் இருபத்திரண்டு வருசமாகக் கொழுந்து எடுக்கிறாள். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அவள் உச்சந்தலையில் ஒரு கோடு முழுக்க முடி கொட்டிவிட்டது. மழைக்காலம் வந்தால் அட்டைக் கடியில் கால் இரண்டும் புண். எங்களுக்கு ஒரே பிள்ளை, மார்கிரட். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு மாதா சுரூபத்தின் முன்னால் நின்று நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இவள் தலையில் கூடைக் கயிறு ஏறக்கூடாது தாயே என்று கேட்டேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்கவைத்தேன். பதினெட்டு வயதானபோது அவளும் என்னைப் போலவே வாசலில் குனிய வேண்டிய உயரத்துக்கு வந்திருந்தாள்.

அந்த வருசம் பிள்ளைக்காம்பரா ஆயம்மா நாகலெட்சுமி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனாள். தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. வேறு ஆள் போடும்வரை பார்த்துக்கொள்ளட்டும் என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மார்கிரட்டை அங்கே விட்டார். இருபத்தேழு குழந்தைகள். மூன்று வாரத்தில் அத்தனையும் அவளோடு ஒட்டிக்கொண்டன. மத்தியானம் பால் கொடுக்க வந்த தாய்மாரிடம் போக மாட்டேன் என்று அழுதன. வேலையை நிரந்தரமாக்குவதற்குத் துரை கையெழுத்துப் போட வேண்டும். பெரிய கங்காணியும் தன் மருமகளுக்கு அதே வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது கைநழுவினால் மார்கிரட் கொழுந்து எடுக்கப் பேர் கொடுத்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு வேறு வழி எதுவும் கிடையாது.

துரையைக் கேட்கப் போனேன். போனேன் என்றால், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். ஆபீசுக்குள் தளம் உயரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துரை, இந்தப் பக்கம் பள்ளத்தில் நாங்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலும் அப்படித்தான். அவர் மேல்படியில் நிற்பார், நாங்கள் கீழே. மலைக்கு வந்தால் அவர் ரோட்டில், நாங்கள் சரிவில். மற்ற நேரமெல்லாம் ஜீப். புதிதாக வந்து எட்டு மாதமாகியிருந்த அந்தச் சிங்களத் துரையின் தொப்பி எனக்குத் தெரியும். தடித்த அடி வைத்த சப்பாத்து தெரியும். குரல் நன்றாகத் தெரியும், பெரிய குரல்.

மகள் விசயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வேறொன்றைக் கேட்டார்.

"பாஸ், ஒனக்குக் கண்ணாடி வேலை தெரியும்?"

"என்ன மாதிரி கண்ணாடிங்க தொர?"

"பாத்ரூம்ல ஷவர் இருக்கு. நான் சுடுதண்ணில நின்னுதான் ஷேவ் எடுக்கிறது. இந்தக் குளிருக்கு வேற மாதிரி முடியாது. கண்ணாடி முழுக்கப் பொக. ஒண்ணும் தெரியல. வெட்டுது. இங்க பாரு."

தாடையில் வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டினார் போலிருக்கிறது. நான் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொழும்புல என் கூட்டாளி வீட்டுல ஒரு கண்ணாடி இருக்கு. ஃபொரின். பொக பிடிக்காது. அந்த மாதிரி வேணும். ஷவர் உள்ளுக்கே வேணும்."

"செஞ்சிரலாங்க தொர."

"நாளைக்கு நான் கொழும்பு போறது. சனிக்கெழம வாறது. அதுக்குள்ள முடி. நல்லா செஞ்சா மகள் வேலை பாக்கலாம்."

பாக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லை வீடு வரைக்கும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். சுகிர்தத்திடம் சொல்லும்போது அது "குடுத்துட்டாரு" என்று மாறியிருந்தது.

மறுநாள் காலை பஸ் பிடித்து ஹற்றனுக்குப் போனேன். மக்பூல் நானாவின் கடையில் ஆணி முதல் பேசின் வரைக்கும் எல்லாம் இருக்கும். நாலு வருசத்துக்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு நல்ல பூட்டு வாங்க முடியாது. இப்போது வெளிநாட்டுச் சாமான் நடைபாதை வரைக்கும் வந்து கிடந்தது. நான் கேட்டதைக் கேட்டு நானா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆவி புடிக்காத கண்ணாடியா? அப்படி ஒண்டு எங்கிட்ட இருந்தா நான் ஏன் இங்க ஒக்காந்து ஆணி நிறுத்துக்கிட்டு இருக்கேன் மரியநாயகம்?"

"சிரிக்காதீங்க நானா. எம்மக வேல இதுலதான் இருக்கு."

நானா சிரிப்பதை விட்டார். நல்ல மனிதர். கடைப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டோம். மூன்று கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அதன் மூக்குக்கு நேரே பிடித்தோம். மூன்றும் ஒரே நொடியில் வெளுத்தன. சவர்க்காரத்தைத் தேய்த்துத் துடைத்தால் ஆவி படியாது என்றார் நானா. உண்மைதான், படியவில்லை. ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளித்தேன், சவர்க்காரம் போய்விட்டது, ஆவி வந்துவிட்டது. ஷவருக்குள் இது எத்தனை நேரம் நிற்கும்? கிளிசரின் பூசினோம். முகம் உருகி வழிகிற மாதிரித் தெரிந்தது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் நல்லது என்று யாரோ சொன்னதாக நானா சொன்னார். அதையும் தேய்த்தோம். கண்ணாடி நாறியதுதான் மிச்சம்.

வெளிச்சம் போதாமல் பின்கட்டில் ஒரு மண்ணெண்ணெய் லாம்பு எரிந்துகொண்டிருந்தது. கேத்தல் ஆவி அதன் மேலேயும்தான் அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் தொங்கிய தட்டெல்லாம் வேர்த்திருக்க, லாம்புச் சிமினி மட்டும் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தினமும் வீட்டில் பார்க்கிற சிமினிதான். சூடாக இருக்கிற கண்ணாடியில் ஆவி ஒட்டாது. அவ்வளவுதான் விசயம். ஷவருக்குப் போகிற வெந்நீரை முதலில் கண்ணாடியின் முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டு, அதன் பிறகு மேலே அனுப்பினால் கண்ணாடியும் சுடும், துரையும் குளிப்பார்.

"நானா, புடிச்சிட்டேன்" என்று கத்தினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

மெல்லிய கண்ணாடி சூட்டுக்கு வெடித்துவிடும். தடித்ததாக ஒன்றைப் பொறுக்கினேன். பதினாலங்குல உயரம், ஒரு அடி அகலம். பின்பக்கத்து ரசத்தின் மேல் இரண்டு பூச்சு சிவப்புப் பெயின்ட் இருந்தது. ஓரத்தில் தண்ணீர் ஏறிக் கறுக்காமலிருக்க நானா நாலு பக்கமும் வார்னிஷ் தடவிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் மாதாவைக் கூப்பிட்டேன்.

ஸ்டோரில் கழித்துப்போட்ட செப்புத் தகட்டை வெட்டிக் கண்ணாடி அளவுக்கு ஒரு தட்டைப் பெட்டி செய்தேன். கீழ்ப்பக்கம் வெந்நீர் நுழைய ஒரு வாய், மேல்பக்கம் வெளியேற ஒரு வாய். மூட்டுக்களை ஈயம் வைத்து ஒட்டி, தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை. இனி அதைச் சுவருக்குள் பதித்துப் பைப்பை இணைத்துச் சீமெந்து பூச வேண்டும். பூசிவிட்டால் கண்ணாடியை ஒரு அங்குலம் கூட ஏற்றவோ இறக்கவோ முடியாது. சுவரையே உடைக்க வேண்டும். அதனால் உயரத்தை ஒரே தடவையில் சரியாகப் பிடிக்க வேண்டும்.

துரை எவ்வளவு உயரம்?

உளியும் கையுமாக அந்தப் பாத்ரூமில் நின்றுகொண்டு யோசித்தபோதுதான் அது எனக்குத் தெரியாது என்று தெரிந்தது. பங்களா அப்பு பொன்னையா குசினியில் கோழி உரித்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருசமாக அந்த பங்களாவில் சமைக்கிறவன். அவனிடம் போய்க் கேட்டேன்.

அவன் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். "யாருகிட்ட என்னா கேக்கிற? தொர ஒசரத்தப் பத்திப் பேசி நா வேலய எழந்துட்டு நிக்கிறதுக்கா?"

"அளவு வேணுமே பொன்னையா. நீ தெனமும் பக்கத்துல நிக்கிறவன்."

"நா வாயால ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், துவைத்துத் தேய்த்த துரையின் காற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "ஒனக்குக் கண்ணு இருக்குல்ல. பாத்துக்க."

இடுப்பில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். கால் என் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வண்ணான் வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டான் என்று நினைத்தேன். நல்ல காற்சட்டையை நாசமாக்கிவிட்டானே என்று பொன்னையாவிடம் வருத்தப்படவும் செய்தேன். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கோழியை உரிக்கப் போய்விட்டான்.

அன்றைக்குச் சாயந்தரம் வீட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து இதையே புலம்பிக்கொண்டிருந்தேன். மார்கிரட் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"தொரையா? தொர என்னயவிட…" என்று ஆரம்பித்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை ஓங்கிவிட்டேன். "பொம்பளப் புள்ள தொரைய நிமிந்து பாத்தியா? ஒனக்கு வேல வேணுமா வேணாமா? தொர வந்தா தலையக் குனிஞ்சு நிக்கணும்னு எத்தன தரம் சொல்லிருக்கேன்?"

அவள் ரொட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நானும் மேலே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி அந்தப் பாத்ரூமில் நின்றேன். பேசினுக்கு மேலே சுவரில் இரண்டு பழைய ஆணித் துளைகள் இருந்தன. கடைசி வெள்ளைக்காரத் துரையின் கண்ணாடி தொங்கிய இடம். அந்தத் துரையை எனக்கு நினைவிருக்கிறது, ஜீப்புக்குள்ளேயே முதுகை வளைத்துத்தான் உட்காருவார். துளையிலிருந்து அளந்தேன். கண்ணாடியின் நடு ஐந்தரை அடியில் வரும் என்று கணக்கு வந்தது. துரை என்றால் அந்த உயரம்தானே. என் மனதில் துரை என்ற பேருக்கு ஒரே ஓர் அளவுதான் இருந்தது. ஷவர் பக்கத்துச் சுவரில் அதே உயரத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

பொன்னையா ஒரு தடவை எட்டிப் பார்த்தான். "கொஞ்சம் ஒசரமில்ல?"

"ஒனக்கு ஒசரம். தொரைக்குச் சரியா இருக்கும்."

"நா ஒண்ணும் சொல்லல்லப்பா" என்று போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கும் நாலு பிள்ளைகள்.

சுவரை வெட்டிப் பெட்டியைப் பதித்து, பைப்பை முறுக்கி, சீமெந்து பூசி, முன்னால் கண்ணாடியைப் பித்தளைக் கொக்கிகளில் நிறுத்தினேன். சனிக்கிழமை காலையில் வெந்நீர் அடுப்பை மூட்டச் சொல்லித் தண்ணீரைத் திறந்தேன். பாத்ரூம் முழுக்க ஆவி கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி வெளுத்தது. பேசின் வெளுத்தது. குழாயின் பளபளப்பு மங்கியது. என் கண்ணாடி மட்டும் துடைத்து வைத்த மாதிரி நின்றது.

லயத்தில் எங்களிடம் இருப்பது உள்ளங்கை அளவுக் கண்ணாடி. அதில் ஒரு கன்னத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் மறு கன்னம். இங்கே என் முழு முகமும் தெரிந்தது. தழும்பு, நரைத்த மீசை, கண்ணுக்குக் கீழே சுருக்கம் எல்லாமே தெரிந்தன. குனியாமல், எட்டாமல், நின்ற நிலையிலேயே பார்த்தேன். என் முகம் நடுவுக்குக் கொஞ்சம் கீழே விழுகிறது, அப்படியென்றால் துரைக்கு நட்டநடுவில் விழும் என்று சந்தோசப்பட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என்னையே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

மத்தியானம் மூன்று மணிக்கு ஜீப் வந்தது. துரை நேரே கண்ணாடி விசயத்தைத்தான் கேட்டாராம். குளித்து ஷேவ் எடுத்தே பார்க்கப்போகிறேன், எங்கேயாவது ஒழுகினால் பார்க்க பாசும் உள்ளே நிற்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். நான் பாத்ரூம் மூலையில், வால்வுப் பக்கம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொன்னையா வாசலில் துவாயோடு நின்றான்.

முதலில் இரண்டு வெறுங்கால்கள் உள்ளே வந்தன. சின்னக் கால்கள். தொப்பி இல்லை, சப்பாத்து இல்லை, படி இல்லை. இடுப்பில் ஒரு துவாய் மட்டும்.

"தண்ணி விடு."

விட்டேன். ஆவி எழுந்தது. துரை முகத்தில் சவர்க்கார நுரையைப் பூசிக்கொண்டு, ரேசரைக் கையில் எடுத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். நின்றவர் அப்படியே நின்றார். ரேசர் மேலே போகவில்லை.

எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்துப் பயந்து நிமிர்ந்தேன். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவரும் நானும் ஒரே தரையில் நின்றோம். அவர் தலை என் நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒரு பக்கத்து முடியை மறுபக்கம் இழுத்துச் சீவி மறைத்த வழுக்கையை நான் மேலிருந்து பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். அதில் என் முகம் முழுசாக இருந்தது. கீழ் ஓரத்தில் துரையின் ஈரத் தலைமுடி மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

அவர் குதிகாலைத் தூக்கினார். கண் வரைக்கும் வந்தது. நுரை பூசிய கன்னமும் தாடையும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டினார், ஈரத் தரையில் கால் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாசலில் பொன்னையா இருமினான். அந்த இருமலை துரையும் கேட்டார். மறுபடி குதிகாலில் நின்றபோது கண்ணாடிக்குள் அவர் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. ஆவி கொஞ்சமாவது படிந்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கும். ஒரு துளி படியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

"யாருக்கு இந்தக் கண்ணாடி?" குரல் சின்னதாக வந்தது.

"தொரைக்குங்க."

"யாரு அளவு எடுத்தது?"

"நாந்தாங்க."

"என்னப் பாத்து எடுத்ததா?"

"தொரைய எப்படிங்க நா பாக்கிறது?" என்றேன். அது சத்தியம். என் வாழ்க்கையில் அதைவிட உண்மையாக நான் எதுவும் சொன்னதில்லை. அவருக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும்.

"வெளிய போ."

"தொர, ரெண்டு நாள் குடுங்க, செவத்த ஒடச்சி எறக்கித் தாறேன்…"

"எவ்வளவு எறக்குவ?"

அளவைச் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். அவருடைய முகத்து நுரை அப்படியே காய்ந்திருக்கும்.

திங்கட்கிழமை கண்டாக்கையா கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளைக்காம்பராவுக்குப் பெரிய கங்காணியின் மருமகள். பைப் வேலை ஒரு மாதத்துக்கு இல்லை, நான் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டும் ஆட்களோடு மலைக்குப் போக வேண்டும். "என்னா மரியநாயகம், தொரையக் கேலி பண்ணிட்டியாமே? ஒன்னய நல்லவன்னு நெனச்சேன்" என்றார். நான் கேலி செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? துரையை மிகவும் பெரியவராக நினைத்துவிட்டேன், அதுதான் குற்றம் என்று சொன்னால் அதுவும் கேலியாகத்தான் இருக்கும்.

கண்ணாடியை துரை உடைக்கவில்லை. உடைக்கச் சொன்னால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். அதன் மேல் ஒரு துவாயைத் தொங்கவிட்டுவிட்டு, படுக்கையறையில் பச்சைத் தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு ஷேவ் எடுக்கிறாராம். தாடையில் முன்னைவிட வெட்டு அதிகம் என்று பொன்னையா சொன்னான். அதைக் கேட்டு எனக்கு ஒரு நிமிசம் சந்தோசம் வந்தது. அது எதற்கும் உதவாத சந்தோசம்.

திங்கட்கிழமை சாயந்தரமே சுகிர்தம் பரணிலிருந்து தன்னுடைய பழைய கூடையை இறக்கினாள். கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள். கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை வாசலில் உதறிவிட்டு வந்து மகளின் இடுப்பில் வைத்து அளந்தாள். சுகிர்தம் எடுத்த அளவு சரியாக இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே மார்கிரட். தொர ஒன்னயவிட…"

"எங் காது வரைக்குந்தாம்ப்பா இருப்பாரு." சாதாரணமாகச் சொன்னாள். "பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாருல்ல. உள்ள வர்றப்ப சப்பாத்தக் கழட்டிட்டுத்தான் வந்தாரு, புள்ளைங்க தவழுற எடம்னு. பக்கத்துல நின்னு ஒவ்வொரு தொட்டிலா பாத்தாரு. ஒரு புள்ளையத் தூக்கக்கூடச் செஞ்சாரு. நல்லாத்தான் பேசினாரு."

"நீ நிமிந்து பாத்தியா?"

"எதிர நிக்கிற மனுசன பாக்காம எப்பிடிப்பா பேசுறது?"

"அப்பறம் ஏன்டி எங்கிட்ட திரும்பச் சொல்லல? ஒரு வார்த்த சொல்லிருந்தா…"

அவள் படங்கின் முடிச்சைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். "சொல்லிருந்தா நம்பிருப்பீங்களா?"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. காற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நம்பாதவன் இவள் சொல்லையா நம்பியிருப்பேன்? எழுந்து வெளியே போனேன். போகும்போது நிலையில் தலையை இடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பெரட்டு. பனி இன்னும் மலையை விட்டு எழும்பவில்லை. கான் வெட்டும் ஆட்களோடு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எனக்குப் பக்கத்து வரிசையில், கைக்கெட்டும் தூரத்தில், மார்கிரட். தலையில் கயிறு, முதுகில் அவள் அம்மாவின் கூடை. பதினெட்டு வருசத்துக்கு முன் மாதாவிடம் கேட்டது ஞாபகம் வந்தது.

துரை மேல்படியில் வந்து நின்றார். வழக்கம்போலப் பெரிய குரலில் வேலை பிரித்தார். பிறகு, புதிதாகப் பேர் கொடுத்தவர்களைப் பார்க்கவோ என்னவோ, படியிலிருந்து இறங்கி வரிசைக்குள் நடந்து வர ஆரம்பித்தார். அவர் வர வர, காற்றுக்குப் புல் சாய்கிற மாதிரித் தலைகள் குனிந்துகொண்டே வந்தன. எனக்கு இப்போது எல்லாம் தெரியும். அந்தத் தொப்பிக்குள் என்ன இருக்கிறது, அந்தச் சப்பாத்துக்குள் எவ்வளவு கட்டை இருக்கிறது, தொப்பியையும் கட்டையையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று அங்கே நின்ற இருநூறு பேரில் எனக்கும் மார்கிரட்டுக்கும் மட்டும்தான் தெரியும். ஆனாலும் என் கழுத்து தானாக வளைந்தது. கண் போய் மண்வெட்டியின் காம்பில் நின்றது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். வரிசை முழுக்கக் குனிந்திருக்க, மார்கிரட் மட்டும் நேராக நின்றாள். திமிராக இல்லை. எதிரே வருகிற மனிதரைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். சப்பாத்துச் சத்தம் அவளை நெருங்கியது.

"மார்கிரட்," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "தலையக் குனி."

அவள் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்தாள்.